அட்டைப்பெட்டியில் துரு

மகள் வீட்டில் தங்கியிருந்த அந்த ஒரு மாதத்தில் நான் அதிகம் கேட்ட சத்தம், பக்கத்து வீட்டுக் காரின் கதவுச் சத்தம்தான். டப். பத்து நிமிஷம் அமைதி. மறுபடி டப். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் அபிங்டன் என்று ஒரு ஊர். தேம்ஸ் ஓடுகிறது, சர்ச் மணி அடிக்கிறது, மழை பெய்கிறது. வேறு சத்தமே கிடையாது. மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டேன்.

கராஜில் ஒரு எம்.ஜி.பி. நின்றிருந்தது. 1967 மாடல். இரண்டே ஸீட், மேலே கூரை கிடையாது, துணிதான். பாதி உடம்பு சிவப்பு, பாதி கறுப்பு ப்ரைமர். முழங்கால் போட்டு உட்கார்ந்து கதவு இடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ரிட்டயரான கணக்கு வாத்தியார். பெயர் வேண்டாம், வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம்.

‘‘கதவு சரியா மூடலையா?’’ என்றேன்.

‘‘மூடுது. ஆனா மேல மூணு மில்லிமீட்டர், கீழ ஆறு. பாருங்க!’’

பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நம் ஊர் டவுன் பஸ்ஸில் கதவுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே ஆளே போகலாம்.

கதவுக்குக் கீழே முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு நீளப் பெட்டி ஓடுகிறது. ‘ஸில்’ என்கிறார்கள். அது துருப்பிடித்துப் போனதால் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் செய்துகொண்டிருந்தார். கூடவே முன் மட்கார்டும் புதுசு. நான் வெகுளியாகக் கேட்டேன். ‘‘புதுசு வாங்கினா அப்படியே பொருந்திடாதா சார்? நாலு போல்ட்டு போட்டா முடிஞ்சுது!’’

சிரித்தார். எத்தனையோ வருஷம் பிள்ளைகளின் தப்பான விடைகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு.

‘‘தகடு நேரா இருக்கு. கார்தான் கோணலா இருக்கு’’ என்றார்.

இந்த ஒரு வாக்கியம் என்னை ஒரு மாதம் படுத்தியது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எம்.ஜி.பி. 1962ல் வந்தது. 1980ல் அபிங்டன் தொழிற்சாலையை மூடும் வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உடம்பு ஸ்விண்டனில் அச்சடித்து வரும், இங்கே எஞ்சினையும் மற்றதையும் சேர்ப்பார்கள். ஆலை போன பிறகு அந்த அச்சுகளைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற கம்பெனி 1988ல் எம்.ஜி.பி.க்கு முழு உடம்பையே புதிதாகச் செய்ய ஆரம்பித்தது. தனித்தனித் தகடுகளும் கிடைக்கும். அதே அச்சு, அதே வளைவு, அதே துளை.

ஆக, வாத்தியார் கையில் இருந்த புது மட்கார்டு, 1962ல் டிசைனர் வரைந்த கோட்டுக்கு மிக நெருக்கமானது. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஓடி, இடி வாங்கி, இறங்கிப்போன அந்தக் கார்தான் கோட்டை விட்டு விலகிவிட்டது. இப்போது எது ‘ஒரிஜினல்’? அச்சுப் பிசகாத புதுசா? பிசகிப்போன பழசா? எதற்கு எதைப் பொருத்துவது?

வாத்தியாருக்கு இதில் சந்தேகமே இல்லை. புதுசைத்தான் தட்டினார். ரப்பர் சுத்தியால், கட்டையை அண்டை கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக. துளையை அரத்தால் நீளவாக்கில் தேய்த்துப் பெரிதாக்கினார். க்ளாம்ப் போட்டு நிறுத்தி, கதவைச் சாத்தி, பார்த்து, கழற்றி, மறுபடி. நேராக வந்ததைக் காருக்குத் தகுந்த மாதிரி கோணலாக்கினார். புது மருமகளை வீட்டுக்குப் பழக்குகிற மாதிரி என்று எழுத வந்தது. மகள் படித்தால் திட்டுவாள்.

இந்த மாதிரிப் புதிர் ஒன்று தத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. கிரேக்க வீரன் தீசியஸின் கப்பலை ஏதென்ஸ்காரர்கள் பாதுகாத்து வந்தார்கள். பலகை உளுத்துப்போகப் போக மாற்றிக்கொண்டே வந்தார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு அது அதே கப்பலா என்று அறிஞர்கள் சண்டை போட்டதாக புளூடார்க் எழுதியிருக்கிறார். 1655ல் தாமஸ் ஹாப்ஸ் வந்து எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் பத்திரமாகச் சேர்த்துவைத்து அதே வரிசையில் ஒரு கப்பல் கட்டினால்? இப்போது இரண்டு கப்பல். எது தீசியஸுடையது?

நம் பக்கத்திலும் உண்டு. பாலி மொழியில் ‘மிலிந்த பன்ஹா’ என்றொரு பௌத்த நூல். மிலிந்தன் என்பது கிரேக்க அரசன் மெனாண்டர். நாகசேனர் என்ற பிட்சு அவனிடம் ‘எதில் வந்தாய்?’ என்று கேட்கிறார். ‘தேரில்’ என்கிறான். சக்கரம்தான் தேரா? இல்லை. அச்சா? இல்லை. நுகத்தடியா? இல்லை. அப்படியானால் தேர் எங்கே? எல்லாம் சேர்ந்திருக்கிறபோது நாம் வைக்கிற பெயர்தான் தேர், அதற்கு மேல் உள்ளே ஒன்றும் இல்லை என்று முடிக்கிறார். நீயும் நானும் கூட அப்படித்தான் என்பது உட்பொருள்.

மகா புத்திசாலித்தனம்தான். ஆனால் இவர்கள் யாரும் ஸ்பானர் பிடித்தவர்கள் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாப் பலகையும் சமம் என்கிற மாதிரி பேசுகிறார்கள். மெக்கானிக்கிடம் கேட்டுப் பாருங்கள். வைப்பர் மாற்றுவதும் சேஸிஸ் மாற்றுவதும் ஒன்றா?

பிரிட்டிஷ் வாகனப் பதிவு இலாகா இதற்கு ஒரு மார்க் ஷீட்டே போட்டு வைத்திருந்தது. தலைகீழாக மாற்றிக் கட்டிய கார் தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ள வேண்டுமானால் 8 மார்க் வேண்டும். சேஸிஸ் அல்லது உடம்புக்கு 5. சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1! எஞ்சின்தான் காரின் இதயம் என்று கவிதை எழுதுகிறவர்கள் கவனிக்கவும். இதில் ஒரு வேடிக்கை, உற்பத்தியாளரிடமிருந்து வந்த புத்தம்புது உடம்பானாலும் அந்த 5 மார்க் உண்டு. இரண்டாயிரம் வருஷமாக முடிவு தெரியாத கேள்விக்கு ஒரு குமாஸ்தா பதில் சொல்லிவிட்டார். பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த அந்த விதிகளை 2025ல் தளர்த்தினார்கள். பழைய காரை இருந்தது இருந்தபடி செப்பனிட்டால் இலாகாவுக்குச் சொல்லக்கூட வேண்டியதில்லை.

குமாஸ்தாவுக்கு அடுத்தது நீதிபதி. பென்ட்லி கம்பெனியின் ஒரு பந்தயக் கார். பெயர் ‘ஓல்ட் நம்பர் ஒன்’. பிரான்ஸில் 24 மணி நேரம் விடாமல் ஓட்டுகிற லெ மான் பந்தயத்தை 1929லும் 1930லும், அடுத்தடுத்து இரண்டு வருஷம் ஜெயித்தது. இரண்டு தடவையும் ஓட்டியவர்களில் ஒருவர் வுல்ஃப் பர்னாட்டோ. கம்பெனியின் சேர்மனே அவர்தான். முதலாளியே வியர்வை சிந்திய காலம். பந்தயத்துக்குப் பந்தயம் அந்தக் காரைப் பிரித்து மேய்ந்தார்கள், மாற்றினார்கள். 1932ல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் சரிவான ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டி அது வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்தார். காரை மறுபடி கட்டினார்கள். வேறு உடம்பு, வேறு உருவம்.

பிற்பாடு அது ஹப்பர்ட் என்பவர் கைக்கு வந்தது. ஒரு கம்பெனி ஒரு கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்டு, பிறகு பின்வாங்கியது. லெ மானில் ஓடிய காரின் பாகங்கள் இதில் சொற்பம்தான் இருக்கின்றன, இது அந்தக் காரே இல்லை என்று வாதம். 1990ல் லண்டனில் வழக்கு. நிபுணர்கள் கூண்டில் ஏறி, எந்த பாகம் எந்த வருஷத்தது என்று சாட்சி சொன்னார்கள். நீதிபதி ஆட்டன் பொறுமையாகக் கேட்டார்.

தீர்ப்பின் சாரம் இது. 1929ல் பந்தயத்தில் நின்ற அதே பொருள் என்று இதைச் சொல்ல முடியாது. ஆனால் ஓல்ட் நம்பர் ஒன் இதுதான். ஒவ்வொரு மாற்றமும் முந்தைய காரின் மேல் நடந்தது, நடுவில் சங்கிலி அறுபடவில்லை, ‘நான்தான் அது’ என்று சொல்லிக்கொண்டு வேறு காரும் வரவில்லை. எனவே ஒப்பந்தம் செல்லும், பணத்தைக் கொடு.

ரொம்ப நாகசேனத்தனமான தீர்ப்பு. ஒரு வித்தியாசம், நாகசேனர் பெயர் மட்டுமே என்றார், ஆட்டன் பெயரையும் வரலாற்றையும் சேர்த்துக்கொண்டார். எனக்கு இது பெரும்பாலும் சம்மதம். ‘பெரும்பாலும்’ என்று ஏன் இழுக்கிறேன் என்றால், போட்டிக்கு வேறு கார் வராததும் ஒரு காரணமாக இருப்பது உறுத்துகிறது. நான் நானாக இருப்பது, என்னைப்போல் இன்னொருவன் வராமல் இருப்பதைப் பொறுத்ததா என்ன? ஹாப்ஸின் ஆள் எங்கிருந்தாவது பழைய பலகைகளோடு வந்துவிட்டால்?

வந்தார் ஐயா, நிஜமாகவே! அது ஜாகுவார்.

1961ல் ஜெனீவா கண்காட்சியில் ஜாகுவார் இ-டைப் காரை அறிமுகம் செய்தார்கள். அதைப் பந்தயத்துக்கென்று அலுமினியத் தகட்டில் இலகுவாகச் செய்த வகை ஒன்று. 18 செய்வதாகத் திட்டம், 12தான் செய்தார்கள். அதில் ஒன்று பீட்டர் லிண்ட்னர் என்ற ஜெர்மானியருடையது. 1964 அக்டோபரில் பாரிஸுக்குப் பக்கத்தில் மோன்லேரி பந்தயத்தில் பயங்கரமான விபத்து. லிண்ட்னர், இன்னொரு காரை ஓட்டிய பிராங்கோ பாட்ரியா, பந்தயக் கடமையில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள். சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி ஆன காரை பிரெஞ்சு அதிகாரிகள் பல வருஷம் பூட்டி வைத்திருந்தார்கள்.

பின்னால் இங்கிலாந்தில் அதன் எஞ்சின் முதலான பாகங்களை எடுத்து, புதிதாக ஓர் உடம்பு செய்து அதில் பொருத்தினார்கள். நசுங்கிய பழைய உடம்பு தனியே கிடந்தது. ஹாப்ஸின் இரண்டு கப்பல்கள்! ஒன்று ஓடும், ஆனால் உடம்பு புதுசு. இன்னொன்று உடம்பு பழசு, ஆனால் பிணம்.

பிரிட்ஜ்நார்த் என்ற ஊரில் உள்ள ஒரு பட்டறைக்காரர்கள் அந்தப் பிணத்தை எழுப்ப முடிவு செய்தார்கள். கசங்கிய அலுமினியத்தை ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்தினார்கள். புதுத் தகடு வெட்டிப்போட்டால் சில வாரங்களில் முடிகிற வேலைக்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் செலவழித்தார்கள். 2011ல் வேலை முடிந்து, பழைய உடம்பும் பழைய பாகங்களும் சேர்ந்து நின்றன. படம் பார்த்தேன். கொள்ளை அழகு.

பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒரு சின்ன நடுக்கம். விபத்து எங்கே போயிற்று? உலோகம் அதேதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த உலோகத்துக்கு நேர்ந்த மிகப் பெரிய சம்பவம், ஐந்து பேர் போன சம்பவம், சுத்தியால் தட்டித் தட்டி அழிக்கப்பட்டுவிட்டது. புது உடம்பு போட்டிருந்தால் அந்த நசுங்கிய கூடாவது சாட்சியாக எங்காவது கிடந்திருக்கும். பழசைக் காப்பாற்றும் அக்கறையிலேயே பழசின் ஒரு பகுதி போய்விட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பொறுமைக்குக் கும்பிடு போடலாம். நானாக இருந்தால் எங்காவது உள்பக்கம் ஒரு மடிப்பை விட்டு வைத்திருப்பேன்.

(மீதி 6 கார்களையும் ஜாகுவார் கம்பெனியே 2014ல் செய்ய ஆரம்பித்தது, உபயோகிக்காமல் விட்ட பழைய சேஸிஸ் நம்பர்களோடு! செய்தவனே செய்வதால் போலி என்று சொல்ல முடியாது. அரைநூற்றாண்டு லேட்டாகப் பிறந்த தம்பிகள். பிறந்த தேதியை மறைக்காத வரை எனக்கு ஆட்சேபணை இல்லை. வாங்க என்னிடம் பணமும் இல்லை.)

இதற்கு நேர் எதிர்க் கோஷ்டியும் உண்டு. இத்தாலி-ஸ்விஸ் எல்லையில் மஜ்ஜோரே ஏரியின் அடியில் பல பத்தாண்டுகள் கிடந்த 1925 புகாட்டி ஒன்றை 2009ல் வெளியே எடுத்தார்கள். பாதி உடம்பு கரைந்தே போயிருந்தது. அடுத்த வருஷம் பாரிஸ் ஏலத்தில் இரண்டரை லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. வாங்கிய கலிஃபோர்னியா அருங்காட்சியகம் ஒரு தகடுகூட மாற்றாமல் துருவோடு விளக்குப் போட்டு வைத்தது. ஓடாது, உட்கார முடியாது, தொடக்கூடாது.

வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். ‘‘அதுவும் சரிதான். ஆனா என் காரில் என் பெண்டாட்டி உட்காருவா’’ என்றார்.

இது வெறும் ஜோக் இல்லை. தத்துவக் கப்பலில் யாரும் பயணம் செய்வதில்லை. காரில் செய்கிறார்கள். கூரையுள்ள காரென்றால் கூரையும் கொஞ்சம் பாரம் தாங்கும். திறந்த காரில் அந்த இரண்டு ஸில்லும் நடுத் தரையும்தான் முதுகெலும்பு. அது உளுத்தால் கார் நடுவில் தொங்கும், பக்கவாட்டில் இடித்தால் உள்ளே இருப்பவர் இடுப்பு போகும். ‘பழசு புனிதம், தொடாதே’ என்று துருவுக்கு ஆரத்தி எடுத்தால் ஒரு நாள் ஆளைக் கொன்றுவிடும்.

அப்போதுதான் அந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். வெட்டி எடுத்த துண்டுகள் ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, எந்த இடம், எந்தத் தேதி என்று கணக்கு வாத்தியார் கையெழுத்தில் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். பெரும்பாலும் பழுப்புப் பொடி. ஒரு துண்டில் மட்டும் சிவப்புப் பெயின்ட், அதற்குக் கீழே விரல் தடிமன் பட்டி, அதற்கும் உள்ளே கசக்கித் திணித்த நியூஸ்பேப்பர்! விரித்தால் கால்பந்து ஸ்கோர். 1979. அவருக்கு முன்னால் வைத்திருந்த யாரோ, ஓட்டையை அடைக்கப் பேப்பரைத் திணித்து, மேலே பட்டி பூசி, பெயின்ட் அடித்து, ‘ஒரிஜினல் பாடி சார்’ என்று விற்றிருக்கிறார். வாத்தியார் தம்பதி அதில் இருபது வருஷம், ஹைவேயில் எழுபது மைல் வேகத்தில், பழைய கால்பந்து ஸ்கோர் மேல் உட்கார்ந்து போயிருக்கிறார்கள்.

டிங்கரிங் ஷாப் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பட்டி உலகப் பொது. ஆனால் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டபோது எனக்கு விஷயம் கொஞ்சம் தெளிந்தது. வெட்டி எறிந்தவற்றில் பாதி, ஒரிஜினலே இல்லை. எதை இழக்கிறோம் என்று பயந்தோமோ அது எப்போதோ போய்விட்டது. போனதை ஒருவன் மறைத்தும் வைத்திருந்தான்.

மனுஷர்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் குறைவு. ஜான் லாக் என்ற தத்துவ ஆசிரியர் 17-ம் நூற்றாண்டில், ஆள் என்பது உடம்பு அல்ல, நினைவுதான் என்றார். ராஜகுமாரனின் நினைவு செருப்புத் தைப்பவன் உடம்பில் புகுந்தால் அவன்தான் ராஜகுமாரன். கூடு விட்டுக் கூடு பாய்வதைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய செய்தி அல்ல. வாத்தியாருக்கே இடது இடுப்பு மூட்டு உலோகம். ‘‘நானும் ஒரிஜினல் இல்லை’’ என்று தட்டிக் காட்டினார். இருந்தாலும் அவர் அவர்தான். நாற்பது வருஷம் முன்பு வாங்கிய கடனை ‘அது வேற ஆளு’ என்று அவர் சொல்ல மாட்டார். தான் செய்ததைத் தான் செய்ததாக ஏற்றுக்கொள்ளும் வரை ஆள் அதே ஆள்.

கார் எதையும் ஏற்றுக்கொள்ளாது. அதற்கு ஞாபகம் கிடையாது. ‘எனக்கு 1979ல் பேப்பர் திணித்தார்கள்’ என்று அதற்குச் சொல்ல வாயில்லை. அதன் ஞாபகம் முழுக்க வெளியே இருக்கிறது. ஆர்.சி. புத்தகத்தில், பில்லில், போட்டோவில், முக்கியமாக வைத்திருப்பவனின் நாக்கில். அதனால்தான் பழைய கார் விஷயத்தில் பொய் சொல்வதை வெறும் விலைமோசடி என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. விலைமோசடியில் வாங்குகிறவன் பணம் போகும். இதில் காரும் போகிறது. அது அதுவாக இருப்பதற்கு இருந்த ஒரே ஆதாரத்தை அறுக்கிறோம். பழைய வாகனங்களுக்கான சர்வதேச சம்மேளனம் ஃபிவா, 2012ல் டூரின் சாசனம் என்று ஒன்று நிறைவேற்றியது. அது இதைத்தான் சுற்றி வளைத்துச் சொல்கிறது. முடிந்தவரை காப்பாற்று, முடியாவிட்டால் மாற்று, மாற்றியதைக் குறித்து வை.

‘சரிய்யா, குறித்து வைத்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?’ என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். முழு உடம்பே புதுசாகக் கிடைக்கிறதே, நம்பரும் மாற வேண்டாம், அதை வாங்கி எஞ்சினையும் ஸீட்டையும் மாற்றிப் போட்டுவிட்டு ‘உடம்பு புதுசு’ என்று உண்மையாகவே எழுதி வைத்துவிட்டால் போயிற்று. எதற்கு இந்த மூன்று வருஷ முழங்கால் வலி? கூட்டிப் பார்த்தால் செலவிலும் பெரிய வித்தியாசம் வராது. எல்லாம் ஒரே நாளில் மாறுவதற்கும் பத்து வருஷத்தில் மாறுவதற்கும் வித்தியாசம், நம் மனசில் மட்டும்தானே? பல்லைக் கடித்துக்கொண்டு ஒரேயடியாகப் பிடுங்குவதா, ஒவ்வொன்றாகப் பிடுங்குவதா என்கிற மாதிரி?

வாத்தியார் பதில் சொல்லவில்லை. காரடியில் குனியச் சொன்னார்.

வலது பக்க ஸில்லை மட்டும் வெட்டியிருந்தார். இடது பக்கம் பழசு, துருவோடு, அப்படியே. கதவு மாட்டும் இடைவெளியில் முன்னுக்கும் பின்னுக்கும் ஓர் இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டிங் வைத்திருந்தார். ‘‘ரெண்டு பக்கமும் சேர்த்து வெட்டினா கார் வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுடும். அப்புறம் கதவு எங்க இருந்ததுன்னு யாருக்குமே தெரியாது. ஒரு பக்கம் பழசு தாங்கிக்கிட்டு நிக்கணும். அதைப் பார்த்துத்தான் புதுசை வைக்கணும்’’ என்றார். புது ஸில்லை க்ளாம்ப் போட்டு, புள்ளி புள்ளியாக மட்டும் வெல்டிங் வைத்து, பழைய கதவை மாட்டி, சாத்திப் பார்த்து, சரியென்றால்தான் முழு வெல்டிங். அதற்காகத்தான் அந்த ‘டப்... டப்...’ எல்லாம்.

நான் தரையில் உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் யோசித்தேன். படிப்படியாக மாற்றுவது சென்டிமென்ட் இல்லை. பழசு, தான் போவதற்கு முன் அளவைப் புதுசுக்குச் சொல்லிக் கொடுக்கிறது. உளுத்துப்போன ஸில் கடைசியாகச் செய்கிற வேலை அது. அப்படி அளவு கைமாறியவரை அது ஒரே கார். இடது பக்கத்துக்கு வலது புது ஸில் சொல்லிக் கொடுக்கும், இரண்டும் சேர்ந்து அடுத்து மாறப்போகும் தரைக்குச் சொல்லிக் கொடுக்கும். முழு உடம்பு வாங்கினால் அது தொழிற்சாலையில் சட்டத்தில் மாட்டி அளந்து வந்தது. நேராக இருக்கும், நன்றாகவும் இருக்கும், அதில் தப்பே இல்லை. ஆனால் இந்தக் காரிடமிருந்து அது எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கோணலுக்கு அங்கே இடமில்லை. பாகங்களை எண்ணிக்கொண்டே இருந்த தீசியஸ் கோஷ்டி இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நீதிபதி ஆட்டன் ‘தொடர்ச்சி’ என்றாரே, அது ஆவணத்தில் மட்டும் இருக்கிற தொடர்ச்சி இல்லை என்றும் எனக்குப் பட்டது.

வாத்தியாரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். ‘‘இருக்கலாம். எனக்கு இன்னும் கீழ ஒரு மில்லிமீட்டர் இடிக்குது’’ என்றார்.

மறுவருஷம் போனபோது கார் முழுக்கச் சிவப்பாக இருந்தது. வாசலில் ‘விற்பனைக்கு’ போர்டு. இன்னொரு இடுப்பும் மாற்ற வேண்டுமாம், அவ்வளவு தாழ்வான காரில் குனிந்து ஏற முடியவில்லை. வாங்க வந்தவன் முப்பது வயதுப் பையன். ‘‘பாடி ஒரிஜினலா?’’ என்று அவன் கேட்டதும் நான் வேலிக்கு இந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டேன். ‘‘ஆமாம்’’ என்று சொன்னால் அன்றைக்கே பணம் கைமாறியிருக்கும். கண்டுபிடிக்கவும் முடியாது. வேலை அப்படி.

வாத்தியார் உள்ளே போய் இரண்டு பக்க லிஸ்ட் கொண்டுவந்தார். வலது ஸில், இடது ஸில், தரை, முன் மட்கார்டு இரண்டு, கதவுத் தகடு ஒன்று, என்னென்ன வருஷம், எது புதுசு, எது பழசு. பானெட் மட்டும் அசல் அலுமினியம், அதை யாரும் தொடவில்லை. பையன் லிஸ்ட்டைப் படித்துவிட்டு விலையைக் குறைத்தான். வாத்தியார் மனைவி ஜன்னலிலிருந்து முறைத்தார். குறைத்த விலைக்கே முடிந்தது.

பிறகு அட்டைப்பெட்டி வந்தது. பையன் திறந்து பார்த்து, ‘‘இது குப்பைதானே சார்?’’ என்றான். ‘‘ஆமா. ஆனா காரோட குப்பை’’ என்றார் வாத்தியார். அவன் மேலாக இரண்டு உறையைப் புரட்டி, அந்தக் கால்பந்து ஸ்கோரைப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தான். யார் ஜெயித்தார்கள் என்று படித்தான். என்ன நினைத்தானோ, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் டிக்கியில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வைத்து மூடினான்.

டப்.

வாத்தியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, டிக்கி இடுக்கை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரை பார்த்தார்.